டெல்டா ஊர்கள் வளர மூன்று வழிகள்: ஒரு பெருநகரம், சாலையோர நீட்சி, ஊர்ப் பின்னல்

காவிரிப் படுகையில் இனி எழப்போகும் வீடுகளும் கடைவீதிகளும் கல்லூரிகளும் தொழிற்கூடங்களும் எந்த நிலத்தில் அமர வேண்டும் என்று எவரும் கூடி உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. ஆயினும் சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவாகும் ஒவ்வொரு மனைப் பத்திரத்தோடும் அந்தத் தீர்மானம் சிறிது சிறிதாக எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தெரிந்தே எடுப்பதானால் நம் முன் மூன்று வழிகள் உள்ளன. வளர்ச்சி முழுவதையும் தஞ்சாவூரில், அல்லது தஞ்சாவூரிலிருந்து திருச்சிராப்பள்ளி வரை நீளும் ஒரே நகர்த்தொகுப்பில் குவிப்பது ஒன்று. இப்போது நடப்பதுபோல அது நெடுஞ்சாலைகளை ஒட்டித் தன்போக்கில் நீள விட்டுவிடுவது இன்னொன்று. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை என்று ஏற்கெனவே இருக்கும் நடுத்தர ஊர்களுக்குப் பணிகளைப் பகிர்ந்து கொடுத்து, அவற்றை ரயிலாலும் பேருந்தாலும் ஒன்றோடொன்று இறுகப் பின்னுவது மூன்றாவது.

இந்த மூன்றையும் நான்கு கேள்விகளை வைத்து எடைபோடலாம்: நஞ்சை எவ்வளவு போகிறது, பெய்த மழை வடிகிறதா, மக்கள் அன்றாடம் எவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்கிறது, உள்ளூரிலேயே பிழைக்க வழி உண்டாகிறதா. நான்கும் சம எடை உடையவை அல்ல. வேறு வட்டாரமாக இருந்தால் பயணத்தையோ வேலைவாய்ப்பையோ முதலில் வைத்திருப்பேன். டெல்டாவில் வடிகால்தான் மற்ற மூன்றையும் ஆட்டிவைக்கிறது.

இன்றிருக்கும் அமைப்பு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தஞ்சாவூரில் சுமார் 2.22 லட்சம் பேரும், கும்பகோணத்தில் 1.40 லட்சம் பேரும், நாகப்பட்டினத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரும் வாழ்ந்தனர். மயிலாடுதுறையும் காரைக்காலும் தலா 85 ஆயிரத்தை ஒட்டியும், பட்டுக்கோட்டை 73 ஆயிரத்தை ஒட்டியும், மன்னார்குடி 67 ஆயிரத்தை ஒட்டியும் இருந்தன. மாவட்டத் தலைநகரான திருவாரூரின் மக்கள்தொகை 58 ஆயிரம்தான். தன் மாவட்டத்திலேயே மன்னார்குடியைவிட அது சிறியது. படுகையின் மேற்கு வாசலில் நிற்கும் திருச்சி மட்டும் எட்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2014இல் தஞ்சாவூரும் 2021இல் கும்பகோணமும் மாநகராட்சிகளாகத் தரம் உயர்ந்த பின்னரும் இந்த வரிசை பெரிதாக மாறிவிடவில்லை. படுகைக்குள் ஒற்றை ராஜநகரம் கிடையாது. இருபது முதல் நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில், ஒன்றை ஒன்று விழுங்க முடியாத அளவில், ஊர்கள் வரிசையாக நிற்கின்றன.

ஊர்கள் ஏன் இப்படி ஓர் ஒழுங்கான இடைவெளியில் அமைகின்றன என்று கேட்ட ஜெர்மானிய புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர், தென் ஜெர்மனியை ஆராய்ந்து 1933இல் மைய இடக் கோட்பாட்டை வெளியிட்டார். சுற்றுவட்டார மக்கள் சந்தைக்கு வந்து திரும்பக்கூடிய தூரமே ஒரு ஊரின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். சமவெளியில் அவர் வரைந்த அறுகோணங்களை அப்படியே டெல்டாவின்மேல் வைத்தால் பொருந்தாது. இங்கே ஊர்களின் இடத்தைச் சந்தையோடு ஆறுகளும் சேர்ந்து தீர்மானித்தன. கல்லணையில் காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, பிறகு குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, பாண்டவையாறு, கோரையாறு, பாமணியாறு என்று விசிறிபோல விரியும் கிளைகளின் கரைமேடுகளில்தான் கோயிலும் கடைத்தெருவும் குடியிருப்பும் எழுந்தன. கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் இருக்கிறது. மேட்டில் வீடு, பள்ளத்தில் வயல் என்ற அந்தப் பழைய கணக்கைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு புள்ளிவிவரத்தையும் கவனிக்க வேண்டும். 2011இல் தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டினர் நகரவாசிகள். தஞ்சாவூர் மாவட்டத்தில் அது ஏறத்தாழ 35 விழுக்காடு, திருவாரூர் மாவட்டத்திலோ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. இதை வைத்து டெல்டாவைப் பின்தங்கிய நாட்டுப்புறம் என்று படித்துவிடக் கூடாது. கணக்கெடுப்பு ஒரு கிராமத்தை நகரமாகக் கருத வேண்டுமானால் அங்கே 5,000 பேராவது இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வாழ வேண்டும், உழைக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். நெருக்கத்தில் டெல்டா கிராமங்கள் பலவும் எளிதில் தேறிவிடும். நெல் இருக்கும்வரை மூன்றாவது நிபந்தனையில் தேறுவது கடினம்.

ஒரே பெருநகரம்

குவிப்பதற்குச் சொல்லப்படும் நியாயங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஐந்து லட்சம் பேர் ஓரிடத்தில் நெருங்கி வாழ்ந்தால் ஆளுக்கு ஆகும் நிலம் குறைகிறது. பாதாளச் சாக்கடையும் நகரப் பேருந்தும் கட்டுப்படியாகின்றன. புற்றுநோய்க்கும் இருதயத்துக்கும் சிறப்பு மருத்துவம் தரும் அளவுக்கு நோயாளிகள் கூடுகிறார்கள். ஒரு நிறுவனத்தில் வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொன்று கிடைக்கிறது. தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும், மருத்துவக் கல்லூரியும், உணவுப் பதனத்துக்கான தேசிய நிறுவனமும், 2024இல் திறக்கப்பட்ட மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் ஏற்கெனவே இருக்கின்றன. விதை ஊன்றிவிட்டது, நீர் ஊற்றினால் போதும் என்பார்கள்.

இந்த வழிக்கு ஆதரவாக நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். விவாதங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. தஞ்சாவூர் டெல்டாவின் நடுவில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. நகரின் வடக்கும் கிழக்கும் ஆற்றுப்பாசன நஞ்சை. தென்மேற்கில் வல்லம், செங்கிப்பட்டி என்று ஏறிச் செல்வது செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுநிலம். காவிரி நீர் இயல்பாக ஏறாத அந்தப் புன்செய்யில் ஆயிரம் ஏக்கர் கட்டடமானால் டெல்டாவின் நெல் குறையாது, பாசன வாய்க்கால் எதுவும் அறுபடாது. அதே ஆயிரம் ஏக்கர் கும்பகோணத்தைச் சுற்றி எழுந்தால் அத்தனையும் நஞ்சை. ஒரே அளவு வளர்ச்சி, திசை மாறுவதால் மட்டுமே இரு வேறு விளைவுகளைத் தருகிறது.

இருந்தும் இந்த வழியை முழுமையாக ஏற்க முடியாமல் போவதற்குக் காரணம் தொலைவு. கோடியக்கரையிலிருந்து தஞ்சாவூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கீழ்த்தஞ்சையின் ஊர்களிலிருந்து பிரசவச் சிக்கலோடும் பாம்புக்கடியோடும் “தஞ்சாவூர் மெடிக்கலுக்கு எழுதிட்டாங்க” என்று ஆம்புலன்ஸ் ஏறிய தலைமுறையைக் கேட்டால், குவிப்பின் விலை என்ன என்று சொல்வார்கள். 2010இல் திருவாரூரிலும் 2022இல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகுதான் அந்த ஓட்டம் ஓரளவு குறைந்தது. குவிப்பின் ஆதரவாளர்கள் காட்டும் சிக்கனம் அரசின் கணக்கேட்டில் மட்டும் தெரிவது. நோயாளியின் வீட்டார் கட்டிய வாடகைக் காரின் செலவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

சாலையோர நீட்சி

இரண்டாவது வழியை யாரும் கொள்கையாக முன்வைப்பதில்லை. அதனாலேயே அது வென்றுகொண்டிருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், திருவாரூர், பட்டுக்கோட்டை என எந்தச் சாலையில் போனாலும் காட்சி ஒன்றுதான். வயலுக்கு நடுவே ஒரு நுழைவு வளைவு, காற்றில் கிழிந்த வண்ணக் கொடிகள், வரிசையாக ஊன்றிய மனைக்கற்கள், சவுடு மண் அடித்து மூன்றடி உயர்த்திய உள்சாலை. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் நாலைந்து வீடுகளும், மீதி இடமெல்லாம் கருவேலமும் இருக்கும். மனை விற்றுவிட்டது, வீடு வரவில்லை, நெல்லும் போய்விட்டது. நகரம் வளர்வதால் நஞ்சை அழிகிறது என்று பொதுவாகச் சொல்வதைவிட, நகரமாகவும் ஆகாமல் வயலாகவும் இல்லாமல் கிடக்கும் இந்த நிலமே பெரிய இழப்பு என்று சொல்வது சரியாக இருக்கும்.

மக்கள் இதை விரும்புவதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. ஊருக்குள் மனை விலை எட்டாது. இருசக்கர வண்டி வீட்டுக்கு வீடு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு நிலத்தைவிட நம்பிக்கையான உண்டியல் டெல்டாவில் இன்னும் இல்லை. மூன்று போகத்துக்கும் மேட்டூரையும் வானத்தையும் பார்த்துச் சலித்த விவசாயி, ஒரு மா நிலத்தை மனைக்குக் கொடுத்தால் மகளின் திருமணம் நடந்துவிடும் என்று எண்ணுவதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. விற்பவர், வாங்குபவர் இருவர் கணக்கும் சரி. கணக்கு பிசகுவது அடுத்த வயல்காரருக்கு.

என் பெரியப்பாவின் வயல் அப்படி ஓர் அடுத்த வயல். மேற்கே எழுந்த மனைப்பிரிவின் குறுக்கே ஓடிய வடிகால் வாய்க்கால் ஏழெட்டு அடி அகலம் இருந்தது; உள்சாலை போட்டவர்கள் அதன்மேல் ஓரடி விட்டமுள்ள சிமென்ட் குழாய் ஒன்றை வைத்து மண்ணை மூடினார்கள். அந்த ஐப்பசியில் நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. குழாய் வாயில் பிளாஸ்டிக் பையும் வைக்கோலும் அடைத்துக்கொள்ள, நீர் பின்னோக்கி ஏறிப் பெரியப்பாவின் வரப்புக்கு மேல் நின்றது. மனுவை வாங்கிய அலுவலகம் ஆய்வு செய்வதாகச் சொன்னது. தண்ணீர் வடிந்த பிறகு வந்து பார்த்தது. “தண்ணி வர்ற வழிய ஊரே கேக்குது தம்பி, போற வழிய எவன் கேக்குறான்?” என்றார் பெரியப்பா. அந்த வாய்க்காலுக்கு வருவாய்ப் பதிவேட்டில் இன்றும் தனிப் புல எண் இருக்கிறது.

இது ஒரு குடும்பத்தின் வழக்கு மட்டும் அல்ல. கீழ்த்தஞ்சையில் நிலம் கடலை நோக்கி இறங்கும் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. இவ்வளவு தட்டையான நிலத்தில் நீரோட்டத்துக்குக் குறுக்கே அரை மீட்டர் உயர்த்திய எந்தச் சாலையும் ஓர் அணைதான். ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓட, அவற்றைக் கடக்கும் தெற்கு வடக்குச் சாலைகளை ஒட்டிச் சுவர்போல வீடும் கல்யாண மண்டபமும் பெட்ரோல் நிலையமும் எழும்போது, சாலைக்கு அடியில் நீர் போகும் கண்வாய்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. மேல்மடையில் வெள்ளம் தேங்குகிறது. பாசனக் காலத்தில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. ஒரே அடைப்பு இரண்டு பருவத்திலும் கெடுக்கிறது.

சட்டங்கள் என்ன செய்கின்றன என்றால், 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு, புதிய எண்ணெய் எரிவாயுத் துரப்பணம் போன்றவற்றைத் தடுக்கிறது. மீத்தேன் எதிர்ப்புப் போராட்டங்களின் பின்னணியில் அது பெரிய வெற்றி. ஆனால் அதன் தடைப்பட்டியலில் வீட்டுமனைப் பிரிவு இல்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனைக்கு அங்கீகாரம் உண்டா என்ற கேள்வி அதனால் கூர்மையானது. அந்த மனை இருக்க வேண்டிய இடம் அதுதானா என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. நான்கு கேள்விகளில் எதிலும் இந்த வழி தேறவில்லை.

ஊர்ப் பின்னல்

மூன்றாவது வழிக்கு உலகில் பலரும் காட்டும் உதாரணம் நெதர்லாந்தின் ராண்ட்ஸ்டாட். அதுவும் ஒரு டெல்டா. ரைன், மாஸ் ஆறுகளின் கழிமுகம். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக், உட்ரெக்ட் ஆகிய நான்கு நகரங்களும் வளையமாக நிற்க, நடுவே மேய்ச்சல் நிலமும் நீர்வழிகளும் கொண்ட பகுதியைப் ‘பசுமை இதயம்’ என்று பெயரிட்டுத் திட்டமிட்டே காத்துவந்தார்கள். துறைமுகம் ஓரிடத்தில், அரசாட்சி ஓரிடத்தில், நிதித்துறை ஓரிடத்தில் என்று பணி பிரிந்திருக்கிறது; அடிக்கடி ஓடும் ரயில் அவற்றைச் சேர்க்கிறது. அந்த இதயத்தின் ஓரங்களிலும் கட்டடம் அரிக்கத்தான் செய்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ 1973இல் ‘கடன் வாங்கிய அளவு’ என்ற கருத்தைச் சொன்னார். சிறிய ஊர் ஒன்று பெரிய ஊரோடு நன்கு இணைந்திருந்தால், தான் பெரிதாக வளராமலேயே பெரிய ஊரின் வசதிகளை அனுபவிக்க முடியும். இதற்கு மறுபுறமும் உண்டு. இணைப்பு சரியில்லாவிட்டால், அல்லது பெரிய ஊர் அனைத்தையும் இழுத்துக்கொண்டால், சிறிய ஊர் அதன் நிழலில் வெளிறிப்போகும். ஊர்கள் அருகருகே இருப்பது வேறு, ஒன்றுக்கொன்று பயன்படுவது வேறு. டெல்டாவில் முதலாவது இருக்கிறது. இரண்டாவது பாதிதான் இருக்கிறது.

அந்தப் பாதி எப்படி இயங்குகிறது என்று பார்க்க விரும்பினால் நவக்கிரகக் கோயில்களுக்குச் செல்லும் கூட்டத்தைப் பார்க்கலாம். திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், சூரியனார்கோயில், திருநாகேஸ்வரம், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று ஒன்பதும் ஒன்பது சிற்றூர்களில். தங்குவது கும்பகோணத்தில், தரிசனம் சுற்றிலும். ஒரே தலத்தில் ஒன்பதும் இருந்திருந்தால் அந்தப் பணம் ஒரே வீதியில் நின்றிருக்கும்; இப்போது பூக்கட்டுபவர், ஆட்டோ ஓட்டுபவர், காபிக்கடைக்காரர் என ஒன்பது ஊர்களுக்கும் பிரிகிறது. வட்டார நகர அமைப்பு வருவாயை எப்படிப் பங்கிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இல்லாத பாதிக்கு உதாரணம் நெல். அறுவடைக் காலத்தில் நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் குவியல் குவியலாக நெல் கிடக்க, 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்பைத் தளர்த்தக் கோரி ஆண்டுதோறும் விவசாயிகள் முறையிடுகிறார்கள். திருவாரூர், நீடாமங்கலம் நிலையங்களிலிருந்து சரக்கு ரயிலில் நெல் மூட்டைகள் அரவைக்கு வெளிமாவட்டங்களுக்குப் போகின்றன. விளைவது இங்கே, உலர்த்துவதும் அரைப்பதும் தவிட்டெண்ணெய் எடுப்பதும் பெருமளவு வேறெங்கோ. உலர்த்து நிலையமும் சேமிப்புக் கிடங்கும் அரவை ஆலையும் மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி போன்ற ரயிலடி ஊர்களில் பரவலாக அமைந்தால் அந்த ஊர்களுக்குத் தமக்கென ஒரு தொழில் கிடைக்கும். வேளாண் மண்டலச் சட்டத்துக்கும் அது முரணாகாது.

பின்னலின் பலவீனங்கள் சிறியவை அல்ல. எல்லா ஊரிலும் எல்லாமும் வேண்டும் என்று ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியும் கேட்கத் தொடங்கினால் அரைகுறை மருத்துவமனைகளும் ஆளில்லாக் கல்லூரிகளும் மிஞ்சும். ஓர் ஊரில் குடியிருந்து இன்னோர் ஊரில் வேலை பார்த்து மூன்றாம் ஊரில் பிள்ளையைப் படிக்கவைப்போரின் குறுக்கும் நெடுக்குமான பயணத்தை ரயிலோ பேருந்தோ ஏற்காவிட்டால், பெருநகரத்தைவிட அதிகப் பெட்ரோல் செலவாகும். சிறிய நகராட்சியும் பேரூராட்சியும் கழிவுநீர் நிலையத்தைத் தனியே நடத்தத் திணறி ஆற்றில் விட்டுவிடுகின்றன. நிர்வாக எல்லைகளும் குறுக்கே நிற்கின்றன: பழைய தஞ்சாவூர் மாவட்டம் 1991, 1997, 2020 ஆகிய ஆண்டுகளின் பிரிவினைகளால் நான்காகியிருக்கிறது, காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. வெட்டாற்றின் நீருக்கு இந்த எல்லைகள் தெரியாது, ஆனால் அதன் கரையில் மனைக்கு ஒப்புதல் தரும் கோப்புக்குத் தெரியும்.

ரயிலில் நிலைமை கலவையானது. நீடாமங்கலம்–மன்னார்குடி பாதை 2011இலும், திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதை 2019இலும், திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதை 2023இலும் மீண்டும் உயிர்பெற்றன. தண்டவாளம் வந்துவிட்டது, ஒரு நாளில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கைதான் பின்னலாகும் அளவுக்கு வரவில்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக விழுப்புரம் செல்லும் பழம்பெரும் மெயின் லைன் இன்னும் ஒற்றை வழித்தடமே. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையோ வயல்களின் ஊடே பெரும்பகுதி வந்துவிட்டது. சாலை முந்தினால் நீட்சி. ரயில் முந்தினால் பின்னல். நிலைய வாசலில் இறங்கி நடந்து போகும் தூரத்துக்குள் ஊர் அடங்கும். சாலைக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

எதை, எந்த நிபந்தனையோடு

என் தேர்வு மூன்றாவது வழி. அதோடு முதல் வழியிலிருந்து ஒரு கிளையை ஒட்டுப்போட வேண்டும். அதிக நிலம் கேட்கும் தொழிற்பேட்டை, பெரிய வளாகம், அடுக்குமாடித் தொகுப்பு ஆகியவை வல்லம், செங்கிப்பட்டி மேட்டுநிலத்துக்குப் போகட்டும். மருத்துவம், மேல்நிலைக் கல்வி, நெல் சார்ந்த தொழில், தினசரிச் சந்தை ஆகியவை நடுத்தர ஊர்களில், அவற்றின் பழைய கரைமேட்டு எல்லைக்குள், இரண்டு மாடி மூன்று மாடியாக நெருங்கி அமையட்டும். கடற்கரை ஊர்களில் குடியிருப்பை மேலும் குவிக்கக் கூடாது. 2004 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே நாகப்பட்டினம் மாவட்டம்தான் அதிக உயிர்களை இழந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். அங்கே தேவைப்படுவது மீன்பிடித் தொழிலுக்கான வசதியும், புயலில் ஒதுங்க நல்ல இடமும், திருவாரூருக்கு விரைவான இணைப்பும்.

இந்தத் தேர்வு நடைமுறைக்கு வர 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அது நகரத்துக்கான முழுமைத் திட்டத்தோடு, பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் மண்டலத் திட்டத்தையும் அனுமதிக்கிறது. ஊருக்கு ஒன்றாக வரையப்படும் முழுமைத் திட்டம் நகர எல்லையோடு நின்றுவிடுவதால், மனைப்பிரிவுகள் அந்த எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் வெளியே போய் அமர்கின்றன; நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே மண்டலத் திட்டம் இருந்தால் அப்படி ஒதுங்க வெளியிடம் இருக்காது.

அந்தத் திட்டத்தின் முதல் வரைபடம் சாலைகளோடு தொடங்கக் கூடாது. நீர்வளத் துறை ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்தி வைத்திருக்கும் வாய்க்கால்களில் சிறியவையான சி, டி வாய்க்கால்கள்வரை, பாசனம் வேறு வடிகால் வேறு என்று பிரித்து, புல எண்ணோடு முதலில் குறிக்கப்பட வேண்டும். அதன்மேல் கரைமேடுகள், பிறகு ரயில் நிலையங்கள், கடைசியாகச் சாலைகள். ஒரு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்கப்படும்போது அதன் வழியே ஓடும் வாய்க்காலின் அகலத்துக்குக் குறையாத பாலம் காட்டப்பட்டிருக்கிறதா என்பதை அந்தப் பாசனப் பிரிவின் பொறியாளர் ஐப்பசி மழையில் நேரில் நின்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். சித்திரை வெயிலில் பார்த்தால் எல்லா வாய்க்காலும் வெறும் பள்ளமாகத்தான் தெரியும்.